சிறு டிராக்டருக்குப் புல்வெட்டி: நடுவில் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்தில் கடை நடத்துகிறவர்களில் பலருக்கு முந்திரிக் கொல்லையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயலில் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்த பிறகு, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரக ஒட்டுக் கன்றுகளை வாங்கிப் புதுத் தோப்பு எழுப்பியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் இந்தக் கொல்லைகளில் புல்லும் பூண்டும் மண்டிவிடுகின்றன. முந்திரி தாமாகவே உதிர்ந்து தரையில் விழுந்த பின்புதான் பொறுக்கப்படுகிறது. தரை சுத்தமாக இல்லையென்றால் விழுந்த கொட்டையில் ஒரு பங்கு புல்லுக்குள்ளேயே போய்விடும். கூலிக்கு ஆள் கிடைப்பது கடினமாகி வரும் நாளில், சிறு டிராக்டரும் அதற்கொரு புல்வெட்டியும் வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. முதல் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வகை

முதல் வகை, டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே, வயிற்றுக்கு அடியில் தொங்குவது. இதில் மெல்லிய கத்திகள் இரண்டோ மூன்றோ அதிவேகத்தில் சுழலும். பின் சக்கரம் மிதிக்கும் முன்பே புல் வெட்டுப்படுவதால் வெட்டு சமமாக விழும். நிலத்தின் மேடு பள்ளத்தை ஒட்டியே கத்தி செல்லும். ஓட்டுநர் குனிந்தால் வேலை கண்ணில் படும். மரத்தைச் சுற்றித் திருப்புவதும் சுலபம். அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டைச் சுற்றியுள்ள பெரிய புல்தரைகளுக்கு இதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள்.

ஆனால் இதை ஓட்ட டிராக்டரின் நடுப்பகுதியில் தனியாக ஒரு பி.டி.ஓ. தண்டு வேண்டும். நம் நாட்டில் விற்பனையாகும் டிராக்டர்களில் பி.டி.ஓ. பெரும்பாலும் பின்னால் மட்டுமே இருக்கும். மேலும், வண்டியின் அடிவயிறு தரைக்கு நெருங்கிவிடுவதால் வரப்பு ஏறாது. கல்லும் கட்டையும் கிடக்கும் இடத்தில் மெல்லிய கத்தி தாங்காது.

இரண்டாம் வகை, பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டுவது. நம் பக்கம் ஸ்லாஷர் என்பார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பின் பி.டி.ஓ. இதை ஓட்டுகிறது. கனமான கத்திகள் கீல் போட்டதுபோல் தொங்குவதால், கட்டையில் பட்டால் மடங்கிக்கொள்ளும். விரல் பருமன் செடிகளையும் வெட்டும். வேலை முடிந்தால் கழற்றி வைத்துவிட்டு, அதே இணைப்பில் ரோட்டவேட்டரையோ கலப்பையையோ மாட்டலாம்.

இதற்கும் குறைகள் உண்டு. சக்கரம் மிதித்துப் படுத்த புல் சில இடங்களில் வெட்டுப்படாமல் நிற்கும். பின்னால் நீண்டிருப்பதால் திரும்பும்போது மரத்தில் இடிக்கும். தூக்கினால் டிராக்டரின் முன்பாரம் குறையும்; முன்னால் எடைக் கட்டிகள் மாட்டுவது நலம்.

நமக்கு எது?

கல்யாண மண்டபப் புல்தரை, விளையாட்டு மைதானம் போன்றவற்றுக்கு நடுவகை. கொல்லைக்குப் பின்வகையே என்பதில் சந்தேகமில்லை. சரளை கலந்த செம்மண்ணில், அடிக்கட்டைகள் மறைந்து கிடக்கும் நிலத்தில், அழகான வெட்டு தேவையில்லை. கத்தி உடையாமல் வேலை நடந்தால் போதும்.

அகலத்தை எஞ்சின் தாங்கும் அளவுக்குள் வாங்க வேண்டும். முரட்டுப் புல்லுக்கு ஓர் அடி அகலத்துக்குச் சுமார் 5 ஹெச்.பி. பி.டி.ஓ.வில் கிடைக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எஞ்சின் சக்தியில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே குறையும். எனவே 24 ஹெச்.பி. வண்டிக்கு 4 அடி, 18 ஹெச்.பி. வண்டிக்கு 3 அடி சரியாக இருக்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வண்டி திணறும், டீசல் கூடும்.

கணக்குப் பார்த்து வாங்குக

எவ்வகை வாங்கினாலும் மரத்தடிக்குள் நுழையாது. முந்திரியின் கிளைகள் தாழ்ந்து படர்பவை. கொட்டை விழுவதோ அந்தக் கிளைகளுக்குக் கீழே. டிராக்டர் சுத்தம் செய்வது வரிசைகளுக்கு இடையிலுள்ள நிலத்தை மட்டுமே. அடியைக் கையாலோ, தோளில் மாட்டும் புல்வெட்டியாலோதான் வெட்ட வேண்டும். 7 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பிலும் மரம் பெருத்தால் கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிடும். கவாத்து செய்யாத பழைய தோப்புக்கு டிராக்டர் புல்வெட்டி வீண். 5-க்கு 4 மீட்டர் அடர் நடவில் இடம் இன்னும் விரைவில் அடைபடும். ஆகவே முதலில் நாடாவை எடுத்துக் கிளைக்கும் கிளைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்.

அடுத்து, கருவி எத்தனை மணி நேரம் ஓடும்? 4 அடி கருவியை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, திரும்பும் நேரத்தையும் கழித்தால், ஓர் ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். 5 ஏக்கர் கொல்லையில் வருடம் இருமுறை வெட்டினால் ஏறக்குறைய 15 முதல் 20 மணி நேர வேலை. வருடத்தில் மற்ற நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும் பொருளில் முதலை முடக்குவது வணிகருக்கு அழகல்ல. விற்காத சரக்கை அடுக்கி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

எனவே டிராக்டர் ஏற்கெனவே உள்ளவர் ஸ்லாஷர் மட்டும் வாங்கலாம். இல்லாதவர்கள் நான்கைந்து பேர் கூட்டாகப் போடலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். கூட்டாகப் போடுவோர் டீசல், கத்தி தீட்டுதல், பழுது மூன்றுக்கும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் வாங்கும் முன்பே விசாரிப்பது உசிதம். வாங்கிவிட்டு விசாரித்தால் பயனிராது.

உயிர் முக்கியம்

ஸ்லாஷர் ஓடும்போது கல் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். பின்னாலோ பக்கத்திலோ ஆள் நிற்கக் கூடாது. பி.டி.ஓ. தண்டின் மேலுள்ள உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பெருந்தவறு. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பி.டி.ஓ.வை நிறுத்திய பின்னும் கத்தி சிறிது நேரம் சுற்றும். எஞ்சினை அணைத்து, கத்தி நின்றதைப் பார்த்த பிறகே கிட்டே போக வேண்டும். கருவியைத் தூக்கி வைத்து அடியில் வேலை செய்வதானால் கட்டை முட்டுக் கொடுக்காமல் கை வைக்கக் கூடாது. கூலிக்கு ஓட்ட வருபவருக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

நாடாவால் அளந்து, மணிக் கணக்குப் போட்டு, அதன் பிறகு விலை கேட்போமாக.