பத்தாங்கட்டையிலிருந்து ஜாலான் புசார் வரை

புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். அங்கிருந்து ஜாலான் புசார் விளையாட்டரங்கம் நடக்கிற தூரம்தான். டௌன்டவுன் பாதை இங்கே வந்தது 2015 டிசம்பரில். எழுபதுகளில், பத்தாங்கட்டை எனப்பட்ட இவ்வூர்க் கம்பத்துப் பையன்களுக்கு ஜாலான் புசார் போவது மாலை முழுவதையும் விழுங்கும் பேருந்துப் பயணம். ஆனாலும் போனார்கள். ஃபேரர் பார்க் திடலிலும் ஜாலான் புசாரிலும் காற்பந்து வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள் அல்லவா!

அந்த வீரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள். சுவராக நிற்கும் எதிரணியைச் சுற்றிப் பந்தை வளைத்து அனுப்பும் ராஜகோபால், இடுப்பை ஒரு அசை அசைத்து இருவரைத் தாண்டிவிடும் டோலா காசிம், தற்காப்பில் மலைபோல் நின்ற சமது அல்லாபிச்சை. 1977இல் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என வென்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தை நம் சிங்கப்பூர் அணி மீட்டபோது அணித்தலைவர் சமதுதான். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். தமிழ்ப் பிள்ளைகள் சமதுவின் படத்தையும் ராஜகோபாலின் படத்தையும் தேடியதில் வியப்பென்ன? நம் பெயர்கள் நாட்டின் பெயராக ஒலித்த நாள்கள் அவை.

படம் கிடைப்பதே பெரும்பாடு. நாளிதழில் வந்ததை வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டி, சட்டைப்பையில் பால்பாயிண்ட் பேனாவோடு காத்திருக்க வேண்டும். வீரர் நின்று, பெயர் கேட்டு, அதையும் சேர்த்தெழுதிக் கையொப்பமிடுவார். அந்த அரை நிமிடம் அவர் உங்களுக்காக மட்டும் குனிந்திருப்பார். சேகரித்தவர்கள் நெஞ்சில் வைத்திருப்பது அதைத்தான்.

இன்று அந்த அரை நிமிடம் போய்விட்டது. கைபேசியை நீட்டினால் வீரர் சிரிக்கிறார், நகர்கிறார். 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என வென்று ஆசியக் கிண்ணத்துக்கு நம் அணி தகுதி பெற்ற இரவில், வெற்றிக் கோலை அடித்த இல்ஹான் ஃபாண்டியின் படம் எல்லார் கைபேசியிலும் வந்து விழுந்தது. அவருடைய தந்தை ஃபாண்டி அகமது 1983இல் குரோனிங்கன் அணிக்காக இண்டர் மிலானுக்கு எதிராக கோல் அடித்தபோது, இங்கே அந்தப் படத்துக்காக மறுநாள் செய்தித்தாளை எதிர்பார்த்திருந்தார்கள். மகனின் படங்கள் ஆயிரம் இருந்தும், அவர் கைபட்டது எத்தனை பேரிடம் இருக்கும்?

அப்படி வீரர் கையெழுத்திட்ட படம், அமெரிக்காவில் பேஸ்பாலில் பெரிய வாணிபம். பணம் புரண்ட இடத்தில் போலியும் புகுந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் எஃப்பிஐ அதற்கென்றே ஒரு தேடுதல் நடவடிக்கை நடத்தியது. 2001 முதல் அங்கே மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே எண்ணிட்ட ஹோலோகிராம் வில்லை ஒட்டிச் சான்றளிக்கிறது. நம் கம்பத்துப் படங்களுக்கு அப்படி ஏதும் கிடையாது. வாங்கியவரின் நினைவுதான் சான்று. அவர் போனால் படம் வெறும் பழுப்புத் தாள்.

ஏற்கெனவே நிறைய அழிந்துவிட்டது. கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறிய குடும்பங்கள் பெட்டி பெட்டியாகக் கழித்துக்கட்டின. மிஞ்சியதை நம் ஈரக்காற்று தின்கிறது. பிசின் பூசிய தாளில் பிளாஸ்டிக் மூடிய பழைய ஆல்பம் இருந்தால் உடனே படங்களைப் பிரித்தெடுங்கள். ஒட்டிக்கொண்டதை இழுத்தால் கிழியும், பல்லிடுக்கு நூலை அடியில் செலுத்தி மெல்ல அறுத்தெடுக்கலாம். அமிலமற்ற காகித உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பின்புறம் மென்பென்சிலால் நாளும் இடமும் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் கசியும்.

நினைவைச் சொல்லக்கூடியவர்களும் குறைந்துவருகிறார்கள். டோலா காசிம் 2010இல் காலமானார். ஃபாண்டிக்கே அறுபது கடந்துவிட்டது. புக்கிட் பாஞ்சாங் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மூத்தவர்கள் ஆல்பங்களோடு வரட்டும். அந்தக்கால வீரர்கள் இருவரை அழைத்து, படத்தில் பின்னால் நிற்பவர் யார், எந்த ஆட்டம் என்று கேட்டுப் பதிவுசெய்யலாம். இந்த ஆண்டே செய்தாக வேண்டும்.