பனிக்காலத்தில் லண்டன் பூங்காக்கள்

டிசம்பர் மாதத்தில் லண்டனுக்குப் புறப்படுகிறோம் என்றால், "மொட்டை மரங்களையும் மூடுபனியையும் பார்ப்பதற்கா இவ்வளவு செலவு?" என்று கேட்போர் உண்டு. நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பத்தினர் பருவம் பார்த்தா பயணம் செய்கிறோம்? லீவு கிடைக்கும்போது போகிறோம். அங்கே உத்தியோகத்திலிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளையும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், கதவடைத்த அறைக்குள் பகல் முழுதும் அடைந்து கிடக்கின்றனர். அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் அன்னையாருடன் என் தமையனார் இல்லத்தில் இருபது நாட்கள் தங்கினேன். முதல் வாரம் முழுதும், "எப்போதடா ஊருக்குத் திரும்புவது?" என்பதைத் தவிர அன்னையார் அதிகம் பேசவில்லை. எட்டாம் நாள் கம்பளிக் காலுறை அணிவித்து வெளியே அழைத்துச் சென்றேன்.

அந்த மாதத்தில் அங்கே சூரியன் எட்டு மணி அளவில் உதித்து, நான்கு மணிக்குள் மறைந்துவிடுகிறது. ஆகையால் பத்து மணிக்கே உணவை முடித்துக்கொண்டு கிளம்புவது நலம். கென்ஸிங்டன் தோட்டம், ரீஜன்ட் பூங்கா போன்றவற்றின் வாயில்களை அந்தி வேளையில் பூட்டிவிடுவார்கள். ஹைட் பூங்காவும் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவும் நள்ளிரவு வரை திறந்திருக்கும். இவற்றுள் எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. முற்காலத்தில் இவற்றிற் பல அரசர்களின் வேட்டைக் காடுகள். கிழக்கு லண்டனிலுள்ள விக்டோரியா பூங்காவின் வரலாறோ வேறு. தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த அப்பகுதிக்குப் பூங்கா வேண்டுமென்று 1840-ல் முப்பதாயிரம் பேர் கையொப்பமிட்டு அரசியாருக்கு விண்ணப்பித்தனர். 1845-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. நம் நகரங்களில் அத்தகைய விண்ணப்பம் எந்த மேஜையில் தூங்குமோ!

செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் ஏரியில் கூழைக்கடாக்கள் உள்ளன. 1664-ல் ருஷியத் தூதர் அரசருக்கு அளித்த பறவைகளிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. இலையுதிர்ந்த காலமாதலின் பறவைகள் மறைய இடமில்லை. கிளை கிளையாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. இலையில்லாத பிளேன் மரங்களின் உரிந்த பட்டையும், கிளைகளில் தொங்கும் காய் உருண்டைகளுமே ஓர் அழகு. கோடையில் சென்றவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

கியூ தாவரத் தோட்டத்துக்குக் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் சற்றுக் குறைவு. 1869-ல் கட்டிய கியூ நிலையத்தில் இறங்கினால் சிறிது தூரமே நடை. ரயில்காரன் என்பதால் நான் அந்நிலையத்தைப் பார்ப்பதிலேயே கால் மணி நேரம் கழித்தேன் என்று அன்னையார் கோபித்துக்கொண்டார். உள்ளே, 1844 முதல் 1848 வரை இரும்பினாலும் கண்ணாடியினாலும் எழுப்பிய பனைமர மாளிகை இருக்கிறது. கதவைத் திறந்ததும் உஷ்ணத்தில் மூக்குக் கண்ணாடி புகை படிந்தாற்போல் மங்கிவிட்டது. துடைத்துப் பார்த்தால் வாழை, தென்னை, மிளகுக் கொடி! அன்னையார் சால்வையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "தோப்புக்கு வந்துவிட்டோமடா" என்றார்.

அங்கே ரப்பர் மரமும் உண்டு. 1876-ல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொணர்ந்தார். முளைத்தவை சிறு பங்கே. அக்கன்றுகள் இலங்கைக்குச் சென்றன. அடுத்த ஆண்டில் சிங்கப்பூருக்கும் சென்றன. பின்னர் மலேயாவில் எழுந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டுவதற்கு நம் கிராமங்களிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் கப்பலேறினார்கள்! என் அன்னையாரின் சின்னத் தாத்தாவும் அவர்களில் ஒருவர், திரும்பி வரவில்லை. இவ்விவரத்தைச் சொன்னதும் அன்னையார் அம்மரத்தின் பட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தார். காவலர் கண்டாரோ இல்லையோ, ஒன்றும் சொல்லவில்லை.

இம்மாளிகையைப் புதுப்பிக்கும் திட்டம் இருப்பதால், செல்லுமுன் திறந்துள்ளதா என்று விசாரித்துக் கொள்ளவும். வழுக்காத காலணி அவசியம். ஈர இலைகளின் மேல் கால் நிற்காது.

பிற நாட்களில் வீட்டருகேயுள்ள சிறு பூங்காவே போதுமானதாயிற்று. அங்கே பெஞ்சுகளில், மறைந்தவர்களின் பெயர் பொறித்த சிறு பித்தளைத் தகடுகளைக் குடும்பத்தார் பதித்து வைக்கின்றனர். ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்த ஆங்கில மூதாட்டியார் சற்று நகர்ந்து அன்னையாருக்கு இடம் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே போக வேண்டுமென்று அன்னையார் சொல்லிவிட்டார். வரும் வழியில் ஒவ்வொரு தகட்டையும் படித்துச் சொல்லச் சொன்னார். ஆறாவது தகட்டை எட்டுவதற்குள் இருட்டிவிட்டது.