புதிய விளையாட்டுச் சாதனமும் எம் பிள்ளைகளின் தமிழும்

2025 ஆம் ஆண்டு யூன் 5 ஆம் திகதி நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘சுவிட்ச் 2’ என்னும் விளையாட்டுச் சாதனம் அவுஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய வாரங்களில் ஹரிஸ் பார்க்கில் எம் மாணவரின் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. பழையதில் இல்லாத எது இதில் உண்டு என வினவினோம்.

‘சி’ என்னும் பொத்தானே அவர்கள் கூறிய விடை. அதனை அழுத்தினால் ‘கேம்சாட்’ என்னும் உரையாடல் வசதி திரையில் தோன்றும். சாதனத்தில் அமைந்த ஒலிவாங்கி வழியே, ஆட்டத்தை நிறுத்தாமலே 12 பேர் வரை ஒருங்கே பேசலாம். தனியே வாங்கும் கமராவை இணைத்தால் நால்வர் வரை முகம் காட்டியும் பேசலாம். 16 வயதுக்குட்பட்டோர் இதனைப் பயன்படுத்தப் பெற்றோர் தம் கைத்தொலைபேசிச் செயலி மூலம் அனுமதி வழங்குதல் வேண்டும்.

சாதனத்தின் மொழிப் பட்டியலில் யப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு முதலியன உண்டு, தமிழ் இல்லை. இது எமக்கு வருத்தமே. ஆயினும் ஒலிவாங்கிக்கு மொழித்தடை கிடையாது.

ஊரில் எம்மிடம் கற்று ஒரே மைதானத்தில் ஆடியோர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சிதறி வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் ஒருவர் குரலை ஒருவர் அறியார். பெற்றோரே, அனுமதி வழங்குமுன் ஒரு நிபந்தனை விதியுங்கள்: உறவினரோடு ஆடும்போது தமிழிலேயே பேசுதல் வேண்டும். ‘ஓடு’, ‘பொறு’, ‘வலப்பக்கம் பார்’ என்னும் சொற்களை நாம் வகுப்பில் நூறுமுறை எழுதுவித்தோம். வெல்லும் ஆவலில் ஒருமுறை கூவிய சொல்லோ பிள்ளையின் நாவை விட்டு அகலாது.