கேட்பது ஒன்று, தேவை வேறொன்று
நாவல்களைக் குறித்து ஒரு வாலிப வாசகியின் எண்ணங்கள்



விசுவாசிகளின் வீடுகளில் நாவல் என்றாலே பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். அது உலகப்பிரகாரமானது, நேரத்தைத் தின்கிறது, வாலிப உள்ளத்தைக் கெடுக்கிறது என்பார்கள். பெற்றோர் இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரயில் நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய மலிவு நாவல்களில் பல, கொலையையும் கள்ளக்காதலையும் அட்டையில் காட்டியே விற்கப்பட்டன. ஆயினும் எல்லா நாவல்களையும் ஒரே கட்டாகக் கட்டி வெளியே எறிந்துவிடலாமா? கல்லூரியில் படிக்கும் ஒரு வாசகியாகிய நான், இதைக் குறித்து எனக்குத் தோன்றுவதைப் பெரியவர்களுக்கு முன்பாகத் தாழ்மையுடன் வைக்கிறேன்.

கதையே வேண்டாம் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. ஜான் பன்யன் 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' ஒரு கற்பனைக் கதைதான். அதையே தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தைப் பாடி 1894-இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதிய வேதநாயகம் பிள்ளையும் ஒரு கிறிஸ்தவரே. தானியேலும் அவன் தோழரும் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தைக் கற்றார்கள், தேவனே அவர்களுக்கு அதில் சாமர்த்தியம் கொடுத்தார் (தானி. 1:17). அத்தேனே பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலன் பிரசங்கித்தபோது, அவ்வூராரின் புலவர்கள் எழுதியதையே எடுத்துச் சொன்னார் (அப். 17:28). எனவே, படிக்கலாமா என்பதைவிட, எதைப் படிக்கிறோம், எந்தக் கண்ணோடு படிக்கிறோம் என்பதே முக்கியமான கேள்வி என்று எண்ணுகிறேன்.

இரண்டு தேவைகள்

நல்ல நாவல் ஒன்றில் வரும் மனிதனுக்கு இரண்டு தேவைகள் இருக்கின்றன. ஒன்று, அவன் வாய்விட்டுக் கேட்பது. மற்றொன்று, அவனே அறியாமல் அவனுக்குள் இருக்கும் தேவை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் கதை நடக்கிறது.

இது வேதத்தை வாசிக்கிறவர்களுக்குப் புதியதல்ல. நான்குபேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனுக்கு நடக்கக் கால் வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆண்டவரோ முதலாவது அவனுடைய பாவங்களை மன்னித்தார். அதன்பின்புதான் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார் (மாற்கு 2:3-12). சமாரியா ஸ்திரீ தண்ணீருக்காகக் கிணற்றண்டைக்கு வந்தாள். அவளுடைய தாகம் வேறாயிருந்தது (யோவான் 4).

வால்ழானும் ழாவேரும்

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அதே பெயரில் 1950-இல் திரைப்படமும் வந்தது. சகோதரியின் பசித்த பிள்ளைகளுக்காக ரொட்டி திருடிய ழான் வால்ழான், தப்பியோட முயன்றதற்கான தண்டனைகளும் சேர்ந்து, பத்தொன்பது ஆண்டுகள் கைதியாயிருந்து வெளியே வருகிறான். அவன் கேட்பது ஒருவேளை ஆகாரமும் ஓர் இரவு தங்க இடமும். ஒருவரும் கொடாதபோது, வயதான பேராயர் ஒருவர் கொடுக்கிறார். அவனோ அவருடைய வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு போகிறான். காவலர் பிடித்துக்கொண்டு வந்தபோது, அவை தாம் கொடுத்தவையே என்று சொல்லி, இரண்டு வெள்ளி விளக்குத்தண்டுகளையும் பேராயர் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார்.

ரொட்டியும் படுக்கையும் அவனை மாற்றவில்லை. தகுதியில்லாத இடத்தில் கிடைத்த இரக்கமே அவனை மாற்றியது. அதுவே அவனுடைய மெய்யான தேவை.

ஆனால் இந்த நாவலில் அதிகம் பரிதாபத்துக்குரியவன் ழாவேர் என்னும் காவல் அதிகாரியே என்பது என் கருத்து. அவன் லஞ்சம் வாங்காதவன், கடமை தவறாதவன். சட்டம் மட்டும் போதும் என்று வாழ்ந்தவன். தான் வேட்டையாடிய வால்ழானே தன் உயிரைத் தப்புவித்தபோது, அந்த இரக்கத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆற்றில் விழுந்து மடிகிறான். இளைய குமாரன் திரும்பிவந்தபோது வீட்டுக்குள் போக மனதில்லாமல் வெளியே நின்ற மூத்த குமாரனை (லூக்கா 15:28) இவனிடத்தில் காண்கிறேன். சபை ஒழுங்குகளையெல்லாம் கைக்கொண்டும் கிருபையை ஏற்கத் தெரியாதவர்கள் நம் நடுவிலும் இருக்கலாம் அல்லவா?

அறிக்கை செய்ய ஓர் இடம்

தஸ்தயெவ்ஸ்கி 1866-இல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்' ஏழை மாணவன் ஒருவனின் கதை. ரஸ்கோல்னிகோவ் தனக்குத் தேவை பணம் என்கிறான்; பிறகு, தான் சாதாரண மனிதரைவிட மேலானவன் என்று நிரூபிப்பதே தேவை என்கிறான். அடகு பிடிக்கும் கிழவியையும் அவள் சகோதரியையும் கொன்றபின், அந்தப் பணம் அவனுக்கு உதவவேயில்லை. காய்ச்சலும் பயமும் தனிமையுமே மிஞ்சின.

குடிகாரத் தகப்பனின் குடும்பத்தைப் பிழைப்பிக்கத் தன்னையே விற்க நேர்ந்த சோனியா என்னும் பெண், லாசருவை ஆண்டவர் உயிரோடெழுப்பிய பகுதியை (யோவான் 11) அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். கொலையை அவளிடம் ஒப்புக்கொண்டபோது அவள் அவனை விட்டு ஓடவில்லை; பாவத்தை மூடி மறைக்கவும் சொல்லவில்லை. அறிக்கை செய் என்கிறாள். சைபீரியாவுக்கு அவன் அனுப்பப்பட்டபோது பின்தொடர்ந்து போகிறாள். பாவத்தை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான் என்ற சாலொமோனின் போதனைக்கு (நீதி. 28:13) இதைவிடத் தெளிவான விளக்கக் கதையை நான் வாசித்ததில்லை.

குழாயடியில் ஒரு பெண்

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சிறிய நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் நிலவும் தெரு ஒன்றில் ஜமுனா வாழ்கிறாள். சினிமா ஆசை காட்டி ஒருவன் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். கூட இருந்த தங்கையும் பிரிந்துபோகிறாள். சாவதற்கும் துணிந்துவிட்ட அவளுக்கு, தெருவில் வாழும் டீச்சரம்மா ஒருவர் தம்முடைய சொந்தத் துயரத்தைத் திறந்து சொல்கிறார். அது நீண்ட பிரசங்கமல்ல. ஆனாலும் அதற்குப்பின் ஜமுனா எழுந்து, தெருவாரின் தண்ணீர்க் கவலையில் தோள்கொடுக்கத் தொடங்குகிறாள்.

குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நம் தாய்மார்களுக்கு இந்தக் கதை அந்நியமாயிராது. ஆனால் இதில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. நாவல் அவளுடைய தாகத்தைக் காட்டுகிறது, ஊற்றைக் காட்டவில்லை. நாவலாசிரியரிடத்தில் நாம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. தேவையை உள்ளபடி காட்டுவது அவர் வேலை. அந்தத் தாகத்துக்கு ஜீவத்தண்ணீரைக் காட்டவேண்டியவர்கள், அதைப் பெற்றுக்கொண்ட நாம்.

ஜெபக்குறிப்புச் சீட்டில் எழுதப்படாதது

இவற்றை வாசித்ததினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்களானால், நம் சபைகளைப் பார்க்கும்படி வேண்டுகிறேன். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர்களால் நிறைந்த சபைகள் நம்முடையவை. வேலை தேடி மும்பைக்கு வரும் படித்த இளைஞனின் தத்தளிப்பை நாஞ்சில் நாடன் 'மிதவை' நாவலில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் இன்றும் ஞாயிறுதோறும் நம் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார்கள்.

அவர்கள் கொடுக்கும் ஜெபக்குறிப்புச் சீட்டில் 'வேலைக்காக' என்று ஒரே சொல் இருக்கும். நாமும் வேலைக்காக ஊக்கமாய் ஜெபிக்கிறோம், அது நல்லதே. ஆனால் ஐந்துபேர் தங்கும் ஓர் அறையில் ஒருவரோடும் மனம்விட்டுப் பேச வழியில்லாமல் இருப்பது அந்தச் சீட்டில் இராது. ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத வெட்கம் இராது. 'திருமணக் காரியம்' என்று எழுதும் சகோதரியின் சீட்டில், வீட்டில் அவள் நாள்தோறும் கேட்கும் கசப்பான வார்த்தைகள் இரா. கேட்பதற்குப் பின்னாலிருக்கும் தேவையைக் காண ஒரு பழக்கம் வேண்டும். நல்ல நாவல்கள் அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தன. ஒருவருக்காக ஜெபிக்குமுன் அவரோடு பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசவேண்டும் என்று அவை எனக்குக் கற்பித்தன.

வாலிபருக்கும் பெற்றோருக்கும்

வாலிபத் தம்பி தங்கைகளே, ஒரு நாவலை முடித்தவுடன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்த மனிதன் எதைக் கேட்டான்?
2. அவனுக்கு மெய்யாகவே தேவைப்பட்டது எது?
3. அதை யார் கண்டுகொண்டார்கள், யார் காணாமல் போனார்கள்?
4. இவன் நம் சபைக்கு வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?

இந்தக் கேள்விகளுக்கு விடையே தராமல் இச்சையை மாத்திரம் தூண்டுகிற புத்தகமானால், அதை மூடிவிடுங்கள். உண்மையும் கற்புமானவற்றைச் சிந்திக்கும்படி நமக்குக் கட்டளையிருக்கிறது (பிலி. 4:8). வேதவாசிப்பையும் ஜெபத்தையும் தள்ளிவிட்டு எந்தக் கதையையும் கையிலெடுக்கவேண்டாம். வேதத்துக்கு ஈடான புத்தகம் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் நாவலைக் கண்டால் உடனே பறிக்காதிருங்கள். பறிக்கப்பட்ட புத்தகம் தலையணைக்கு அடியில் ஒளிக்கப்படும். இப்பொழுதோ கைபேசிக்குள்ளும் ஒளிக்கப்படும். 'இந்தக் கதையில் வருகிறவனுக்கு என்ன குறை?' என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள். தாவீது தன் பாவத்தை உணரும்படி நாத்தான் தீர்க்கதரிசி முதலாவது ஒரு கதையைத்தான் சொன்னார் (2 சாமு. 12:1-7). அந்த ஏழையின் ஆட்டுக்குட்டிக்காகக் கோபங்கொண்டபோதே ராஜாவின் மனது திறந்தது. உங்கள் பிள்ளையும் யாரோ ஒருவனுடைய கதையைச் சொல்லுகிற சாக்கில், தன் தேவையை உங்களுக்குச் சொல்லக்கூடும். அப்பொழுது அதைக் கேட்க நீங்கள் அருகில் இருக்கவேண்டும்.

நாம் கேட்பதற்கு முன்னமே நம் தேவைகளை அறிந்திருக்கிற பரமபிதா, பிறருடைய தேவையைக் காணும் கண்களை நம் ஒவ்வொருவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.