விரல் பட்டால் கணக்கு தப்பும்!

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு முனைகளிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் அதை வெறும் கையால் தொடமாட்டார்கள். இடுக்கியால்தான் எடுப்பார்கள்.

தொட்டால் "ஷாக்" அடிக்குமா? இல்லை. தொட்டவருக்கு ஒன்றும் ஆகாது. கெட்டுப்போவது குழாய்தான்!

அந்தக் குழாய்க்குள் இருப்பது ஒரு மின் தடை. ரேடியோவுக்குள்ளும் தடைகள் உண்டு. அவை பெரும்பாலும் சில நூறு ஓம் முதல் சில லட்சம் ஓம் வரை இருக்கும். ஆனால் இந்தத் தடையின் அளவு 10 ஆயிரம் கோடி ஓம்!

"இவ்வளவு பெரிய தடை வைத்தால் மின்சாரமே போகாதே!" என்று நீங்கள் கேட்கலாம். போகும். மிக மிகக் கொஞ்சமாகப் போகும். அந்தக் கொஞ்சத்தை அளப்பதற்குத்தான் இந்தத் தடை.

வாய்க்காலில் அணை

வாய்க்காலில் நூல் போலத் தண்ணீர் ஓடுகிறது. எவ்வளவு ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறுக்கே வரப்புக் கட்டி, ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள். தண்ணீர் தேங்கும். மட்டம் உயரும். ஒரு குச்சியை வைத்து அளந்துவிடலாம்.

மின்சாரமும் அப்படித்தான். தடை பெரிதானால், சிறிய மின்னோட்டமும் அளக்கக்கூடிய வோல்ட்டாகத் தெரியும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓம் 1827-ம் ஆண்டு வெளியிட்ட விதி இது. அவர் பெயரால்தான் தடையை "ஓம்" கணக்கில் சொல்கிறோம்.

ஒரு ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரே ஒரு பங்கு, 10 ஆயிரம் கோடி ஓம் தடை வழியே போனால், பத்தில் ஒரு வோல்ட் கிடைக்கும். டார்ச் விளக்கின் ஒரு செல்லில் இருப்பது ஒன்றரை வோல்ட். அதில் 15-ல் ஒரு பங்கு!

உயிர் காக்கும் அளவு

இவ்வளவு சிறிய மின்சாரத்தை ஏன் அளக்கவேண்டும்?

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்கிறார்கள். கதிர் குறைந்தால் கட்டி அழியாது. கூடினால் நல்ல உறுப்பும் பாதிக்கப்படும். எந்திரம் எவ்வளவு கதிர் வீசுகிறது என்று அளக்க, காற்று நிரம்பிய ஒரு சிறு கூட்டை வைக்கிறார்கள். கதிர் பட்டதும் அந்தக் காற்றில் மின்சாரம் பாய்கிறது. எவ்வளவு? ஆம்பியரில் 100 கோடியில் ஒரு பங்கு போல! இப்படிப்பட்ட மின்சாரத்தை அளக்கும் கருவிகள் பலவற்றில் பெரிய தடைகள் இருக்கின்றன.

நண்டு வளை

வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் நிற்குமா? விரல் ரேகைதான் இங்கே நண்டு வளை!

விரலில் வியர்வையும் எண்ணெயும் உப்பும் இருக்கின்றன. கண்ணாடியில் அது ஒட்டினால், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மின்சாரத்துக்குத் திருட்டு வழி பிறந்துவிடும். அந்த வழியும் 10 ஆயிரம் கோடி ஓம் என்றால், பாதி மின்சாரம் அதில் போய்விடும். கருவி பாதிக் கணக்குதான் காட்டும்.

புகை வராது. பியூஸ் போகாது. தவறான கணக்கு, சரியான கணக்கு போலவே நிற்கும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

சாதாரண மீட்டரும் இங்கே உதவாது. 1 கோடி ஓம் உள்ள மீட்டரை இந்தத் தடையின் இரு முனைகளிலும் வைத்தால், மின்சாரம் முழுவதும் ஏறக்குறைய மீட்டர் வழியே ஓடிவிடும். பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தெரியும்! ஆகவே, மின்சாரத்தை மிக மிகக் குறைவாக இழுக்கும் "எலெக்ட்ரோமீட்டர்" என்ற தனிக் கருவி வேண்டும்.

காவல் என்ன?

தடையைக் கண்ணாடிக்குள் அடைப்பது முதல் காவல். கைபட்டுவிட்டால் ஆல்கஹால் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவைப்பார்கள். பக்கத்தில் ஒருவர் நடந்தாலே முள் ஆடும். அதனால் உலோகப் பெட்டிக்குள் மூடிவைப்பார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. அளவு தெரிந்த மின்சாரத்தை அனுப்பி, கருவி அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். சொன்னால்தான் அதை நம்புவார்கள்.

எடை போடும் முன்பு தராசு முள்ளைப் பார்ப்பது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே தட்டில் இருப்பது அரிசி அல்ல, ஒரு நோயாளியின் உயிர்!