கஃபாலா: பிணையின் பொருளும் பிறழ்வும்

வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வோர் முதலில் கற்கும் அரபுச் சொற்களுள் ஒன்று 'கஃபீல்'. முதலாளி என்பதே அவர்கள் அறிந்த பொருள். அச்சொல்லின் மூலப்பொருளையும் அது இன்றைய நிலையை அடைந்த வரலாற்றையும் இங்கு நோக்குவோம்.

'கஃபாலா' என்பது பொறுப்பேற்றல், பிணை நிற்றல் எனப் பொருள்படும். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஸகரிய்யா (அலை) அவர்கள் ஏற்றதைத் திருக்குர்ஆன் (3:37) இவ்வேர்ச்சொல்லாலேயே குறிப்பிடுகின்றது. பிறர் கடனுக்குத் தாமும் பொறுப்பாளியாவதையே ஃபிக்ஹு நூல்கள் கஃபாலா என்கின்றன. அங்கே சுமை கஃபீலுடையது. அதற்குக் கூலி பெறலாகாது என்பதே ஃபுகஹாக்களுள் பெரும்பான்மையோர் முடிவு.

1973ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் வளைகுடாவில் கட்டுமானப் பணிகள் பெருகின. உள்ளூர் மக்கள்தொகையோ மிகக் குறைவு. அயல்நாட்டார் உழைப்பு வேண்டும். ஆனால் அவர்கள் நிலையாகக் குடியேறிவிடலாகாது. எனவே, தொழிலாளியின் தங்கும் உரிமை ஒரு கஃபீலின் ஒப்புதலோடு பிணைக்கப்பட்டது. வேலை மாறவும், சில நாடுகளில் ஊர் திரும்பவும்கூட, அவர் அனுமதி தேவைப்பட்டது. விசாவையே விலைக்கு விற்ற கஃபீல்களும் உண்டு. பிணை நின்றவர் கையில் அதிகாரமும், பிணைக்கப்பட்டவர் தலையில் கடனுமாகப் பொருள் தலைகீழாயிற்று.

அனுப்பும் நாடுகள் ஏன் இதனைப் பொறுத்துக்கொண்டன? அந்நியச் செலாவணியும் எண்ணெய்த் தேவையும் அவற்றின் நாவைக் கட்டின. வீட்டுப் பணிப்பெண்களை அமர்த்துவோர் 2,500 டாலர் வங்கிப் பிணை தரவேண்டும் என 2014இல் இந்தியா விதித்தது. உண்மையில் இதுவே ஃபிக்ஹு கூறும் கஃபாலாவுக்கு நெருங்கியது. எனினும், 2017இல் குவைத்தைப் பொறுத்தவரை அவ்விதி கைவிடப்பட்டது. மாறாக, 2018இல் குவைத்துக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்திய பிலிப்பைன்ஸ், பணியாளரின் கடவுச்சீட்டைப் பறிக்கலாகாது என்னும் உடன்படிக்கையை அவ்வாண்டிலேயே பெற்றது.

முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாற 2009இல் பஹ்ரைனும் 2020இல் கத்தரும் வழிசெய்தன. 2021இல் நடைமுறைக்கு வந்த சவூதியின் சீர்திருத்தமோ வீட்டுப் பணியாளரை உள்ளடக்கவில்லை. நான்கு சுவர்களுக்குள் உழைப்போருக்கே காப்பு மிகவும் தேவை என்பதை நாம் மறத்தலாகாது.

தொழிலாளிக்குத் தனியே பேரம் பேசும் வலிமையில்லை. அவன் சார்பில் அவனுடைய நாடுதான் பேசவேண்டும். அவன் அனுப்பும் பணத்தால் பயன்பெறும் அரசும், சொல்லின் மூலப்பொருளில், அவனுக்கு ஒரு கஃபீலே என்பது நம் கருத்து.