இரண்டு மணி டீக்கடையும் இரண்டு கேள்விகளும்

திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் பக்கம் நள்ளிரவு இரண்டு மணிக்கும் பால் கொதிக்கிற டீக்கடைகள் உண்டு. லாரிக்காரர்களை நம்பி நடக்கிற கடைகள். சில சனிக்கிழமை இரவுகளில் அங்கே வேறொரு கூட்டமும் வந்து இறங்கும். தலையில் ஹெல்மெட், மேலே வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டைச் சட்டை, சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு. "எங்கேர்ந்து வர்றீங்க?" என்று தொடங்கும் விசாரணை மூன்றாவது கேள்வியில் பரிசுக்கு வந்துவிடும்.

"ஜெயிச்சா எவ்வளவு சார் தருவாங்க?"

"ஒண்ணும் தரமாட்டாங்கண்ணே. நாமதான் பணம் கட்டணும். மெடல் வேணும்னா அதுக்கும் தனியா கட்டணும்."

டீ ஆற்றுகிறவரின் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. நியாயம்தானே?

இந்தச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் பிரெவே. பந்தயமாகிவிடக் கூடாது என்பதற்காகவே யோசித்து எழுதியது போன்ற விதிகள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. அதற்காகப் பறந்துபோய் 200-ஐ 5 மணி 53 நிமிடத்துக்கு முன்பே முடித்தாலும் செல்லாது. முதலிடம் என்று ஒன்று கிடையாது. முடித்தவர்களின் பெயர்கள் அகரவரிசையில் வரும். கூடவே கார் வந்து தண்ணீர் கொடுப்பதும் ஆகாது. பஞ்சர் ஆனால் அவரவர் கைதான். வழியில் குறித்த இடங்களில் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை குத்த ஆளில்லாத ஊரில் ஏ.டி.எம். சீட்டு போதும். கணக்கில் எவ்வளவு இருப்பு என்பதை யாரும் பார்ப்பதில்லை. எந்த ஊர், எத்தனை மணி என்பதுதான் வேண்டும்.

இதன் வேர் ஐரோப்பாவில். 1897-இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை பகல் வெளிச்சத்துக்குள் மிதித்துப் போனார்கள். துணிச்சல்காரர் என்று பொருள்படும் 'ஆடாக்ஸ்' என்ற லத்தீன் சொல் அவர்களுக்குப் பெயரானது. பாரிஸில் இதற்கொரு கிளப் வந்தது. இன்று உலகெங்கும் நடக்கிற பிரெவேக்களுக்குச் சான்று தருவது அந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்தான். அதன் திருவிழா, நான்கு ஆண்டுக்கொருமுறை வரும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1,200 கிலோமீட்டர், உச்சக் கெடு 90 மணி. 1891-இல் ஒரு செய்தித்தாள் நடத்திய பந்தயமாக அது தொடங்கியபோது வென்ற சார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடம் எடுத்துக்கொண்டார். கலந்துகொள்ள முடிந்தது பிரெஞ்சு ஆண்களால் மட்டும். பெண்களுக்கு வழி திறந்தது 1931-இல், பந்தயக்காரர் அல்லாதோர்க்கும் இடம் கிடைத்தபோது. பிற்பாடு பந்தயம் நின்றுபோனது. நிலைத்தது இந்தச் சாதாரணர்களின் ஓட்டம்தான். அந்த வழியில் ஒரு சிற்றூரில் ஒரு குடும்பம் விடிய விடியக் காப்பியும் தோசை மாதிரியான க்ரேப்பும் கொடுக்கும். காசு வாங்காது. ஊர் திரும்பியதும் ஒரு அஞ்சலட்டை போட்டால் போதும்.

2019-இல் அதில் ஓட்டிய ஆறாயிரத்துச் சொச்சம் பேரில் இந்தியர்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். அங்கே போக, அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் சனி ஞாயிறுகளில் விடிவதற்கு முன் கூடுகிற கூட்டத்தில் அந்தக் கனவோடு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள்?

கேட்டால் முதலில் உடம்பைச் சொல்வார்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், டாக்டர் மிரட்டினார். நம்பலாம், பாதி அளவுக்கு. சர்க்கரைக்கு அரை மணி நடை போதுமே. நானூறு கிலோமீட்டர் எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை. கொஞ்சம் பேச விட்டால் வேறு விஷயம் வரும். இங்கே இருபத்தைந்து வயதுக்காரர் 200-ஐப் பத்து மணியில் முடிக்கிறார், ஐம்பத்தைந்து வயதுக்காரர் பதின்மூன்று மணியில் முடிக்கிறார், இருவருக்கும் ஒரே கார்டு. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இன்னொன்று, அலுவலக வேலை என்றைக்கும் முடிவதில்லை. இது முடிகிறது, குறித்த மணியில், கையில் முத்திரையோடு.

அதிகாலை நான்கு மணிக்கு மைல்கல்லெல்லாம் குந்தியிருக்கிற ஆள் மாதிரி தெரியும்போது, 'ஏண்டா வந்தோம்' என்று தோன்றாதவர் இல்லை. அடுத்த மாதம் மறுபடி பெயர் கொடுக்கிறவர்களும் அவர்கள்தான்.

பெண்கள் எண்ணிக்கை எங்கேயும் குறைவு. பாரிஸ்-பிரெஸ்ட்டிலேயே நூற்றுக்குப் பத்தைத் தொடுவதில்லை. நம்மூரில் காரணம் காலில் இல்லை, இருட்டில் இருக்கிறது. 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கேலியும் கிண்டலும் பின்னால் வர, ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்கிற வேலை குறைந்தது. அவர்கள் பிடித்தது பகல் சாலையை. இரவுச் சாலையில் காரணமில்லாமல் நிற்க இன்றும் ஒரு பெண்ணால் முடியாது. பிரெவே கார்டு அந்தக் காரணத்தைக் கையில் கொடுக்கிறது.

அதனால்தான் டீக்கடையில் அவரிடம் கேட்கப்படும் கேள்வியும் வேறு. பரிசைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

"வீட்ல விட்டாங்களாம்மா?"

"அவர் புள்ளைங்களைப் பாத்துக்கறாருண்ணே. இன்னொரு டீ போடுங்க, சர்க்கரை தூக்கலா."

கெடுவுக்கு நாற்பது நிமிடம் கையிருப்பு என்று கணக்குப் பார்க்கிறார். பன்னில் பாதியைத் தின்று, மீதியைப் பொட்டலமாக்கி ஜெர்சியின் முதுகுப் பையில் செருகிக்கொள்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, லாரிகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வருகிறார்.